நாலாம் நம்பர் அட்டை

துப்பாக்கிக் கடைக்குள் ஒரு பெண் தனியாக நுழைந்தால், முதலில் ரோஸ் கலரில்தான் ஏதாவது எடுத்துக் காட்டுவார்கள். அமெரிக்காவில் எங்கள் மொன்டானா மாநிலத்தில் இது எழுதாத சட்டம். அன்றைக்கு எனக்குக் காட்டியவன் பெயர் டஸ்டி. தாடி இன்னும் முழுசாக முளைக்கவில்லை, அதற்குள் எனக்கு எது பொருந்தும் என்று முடிவு கட்டிவிட்டான்.

"இது உங்க ஹேண்ட்பேக்ல கச்சிதமா உக்காரும் மேடம்" என்று ஒரு குட்டி பிஸ்டலைக் கண்ணாடி மேல் வைத்தான்.

"என் ஹேண்ட்பேக்ல ஏற்கெனவே சாண்ட்விச் உக்காந்திருக்கு தம்பி. உனக்குப் பின்னாடி சுவத்துல இருக்குதே, அந்த ரைஃபிளுங்களக் காட்டு."

"ஓ, வீட்டுக்காரருக்கா?"

"எனக்கு."

"அவரையும் ஒரு நடை கூட்டிட்டு வந்தீங்கன்னா…"

"எதுக்கு? பிடிச்சுக்கிறதுக்கா?"

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பனி உறைந்த மலைப்பாதையில் வண்டி நிறையக் கூச்சல் போடும் குழந்தைகளை வைத்துக்கொண்டு தினமும் போய் வருகிறேன். என்னிடம் போய் இந்தப் பேச்சு. காது சூடாகிவிட்டது. ஆனால் திரும்பிப் போக மனசு வரவில்லை, ஏனென்றால் அதற்குள் எனக்குச் சுடும் பைத்தியம் பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பிடித்தது இப்படித்தான். என் கணவர் மெர்ல் ஹாகன் எங்கள் ஊர் சுடுதளத்தின் அணியில் பல வருஷமாக இருக்கிறார். நால்வர் அணி, அதில் நாலாவது ஆள். ஒரு வியாழக்கிழமை காதுமூடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியவள்தான். தளப் பொறுப்பாளர் வாண்டா விடவில்லை. "வந்தது வந்துட்ட, படுத்து நாலு சுட்டுட்டுப் போ" என்றாள். படுத்தேன், சுட்டேன். குறி அட்டை கடையிலிருந்து வந்த மாதிரியே புத்தம் புதுசாகத் திரும்பி வந்தது.

மெர்ல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். வாண்டா சிரிக்கவில்லை. "ரெண்டு கையையும் நீட்டி, விரலுக்கு நடுவுல சின்னதா ஒரு ஓட்டை வை. அது வழியா சுவர்க் கடிகாரத்தைப் பாரு. இப்ப இடது கண்ணை மூடு" என்றாள். மூடினேன். கடிகாரத்தைக் காணோம்.

"அதான் பாத்தேன். கை வலது, கண்ணு இடது. நீ இத்தனை நேரம் தப்பான கண்ணால சுட்டிருக்க. தோளை மாத்து."

இடது தோளில் வைத்துச் சுட்டேன். கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் எனக்கு உள்ளங்கால் வரைக்கும் ஜிவ்வென்றது. நூறு கெஜத்துக்கு அப்பால் நான் நினைத்த இடத்தில் நான் நினைத்தது நடந்திருக்கிறது! என் வீட்டில் சாக்ஸ் கூட நான் நினைத்த இடத்தில் இருப்பதில்லை.

ஆக எனக்கு வேண்டியது இடக்கைத் துப்பாக்கி. டஸ்டியிடம் சொன்னேன். அவன் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடக்கைக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆனா அதை நீங்க வாங்க மாட்டீங்க" என்று உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தான்.

பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பழைய காலத்து இலக்கு ரைஃபிள். இரண்டு சராசரித் துப்பாக்கிகளின் கனம். யாரோ ஒரு புண்ணியவான் அதன் மரக்கட்டை முழுக்க டிராக்டர் பச்சையில் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். இருக்கட்டும் என்று வாங்கித் தோளில் வைத்தேன். நின்றுகொண்டு வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. அதனால் கனமான கோட்டோடு அப்படியே கடைத் தரையில் குப்புறப் படுத்தேன்.

"மேடம்! மேடம், இங்க ஆளுங்க நடக்கற இடம்!"

"தாண்டிப் போகச் சொல்லு."

இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. கன்னம் அந்தப் பச்சைக் கட்டையில் போய்ப் படிந்த விதம் இருக்கிறதே! கண் தானாகவே குறி பார்க்கும் ஓட்டைக்கு நேராக நின்றது. தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அந்தக் கனம்தான் அதன் குணமே. மூச்சு விட்டாலும் முனை அசையவில்லை. படுத்தபடியே சொன்னேன்: "பில் போடு தம்பி."

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் மெர்ல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஆர்லீன், இது துப்பாக்கியா, நம்ம கேட்டுக் கம்பியா?"

"உன்னோடதைவிட நல்லா சுடும்."

"முதல்ல உன்னால தூக்க முடியுதான்னு பாப்போம்" என்றார். அது என்ன செய்யப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அந்த வசந்தம் முழுக்க ஞாயிறு தவறாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு சுடுதளமாகப் போனோம். ஒன்று சரளைக்கல் குவாரிக்குள் இருந்தது. சத்தம் நாலு பக்கமும் முட்டித் திரும்பி வரும். இன்னொன்றில் பக்கத்துப் பண்ணை மாடுகள் வேலியைத் தாண்டி நடுவில் வந்து நின்றுகொள்ளும். எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, மாடு மேய்ந்து முடிக்கும்வரை காப்பி குடிப்போம். யாரும் கோபப்பட மாட்டார்கள், மாட்டுக்கு முன்னுரிமை. துப்பாக்கிக்கென்று ஒரு வாய் ருசி உண்டு என்பதை அங்கேதான் கற்றேன். மெர்லின் ரைஃபிள் உசத்தியான தோட்டாவைத்தான் சாப்பிடும். என் பச்சைக்கு அதைக் கொடுத்தால் அட்டை முழுக்கத் துப்பியது. ஒவ்வொரு ரகமாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கடையின் மூலையில் அழுக்கு டப்பாவில் கிடந்த, யாரும் சீண்டாத ஒரு ரகத்தைப் போட்டதும் அஞ்சு ஓட்டையும் ஒரே பட்டனால் மூடிவிடலாம் போல விழுந்தது. நான் போட்ட கூச்சலில் மாடுகள் கூட நிமிர்ந்து பார்த்தன.

எங்கள் ஊர்த் தளத்தில் என் துப்பாக்கிக்குத் 'தவளை' என்று பெயர் வைத்தவர் க்ளைட். அணியின் முதல் ஆள். வாய் மட்டும் ஓயவே ஓயாது. "ஹாகன் வீட்டம்மா வந்தாச்சு! இன்னிக்கு என்ன பை? ஹக்கிள்பெரிப் பழமா?" என்பார். பல வருஷமாக அந்த இடத்தில் என் அடையாளம் அதுதான். போட்டி நாட்களில் பழம் வைத்துச் செய்த பை என்கிற பலகாரத்தைக் கொண்டுவருகிறவள், மெர்லின் மனைவி. தகரக் கூரைக்கு அடியில் ஒரு பலகை உண்டு. மாநிலப் போட்டிக்குப் போகும் நாலு பேருடைய பெயரையும் பித்தளைத் தகட்டில் பொறித்து அதில் அடிப்பார்கள். பை செய்தவள் பெயரை எந்தப் பலகையிலும் அடிப்பதில்லை. எனக்கு அந்தத் தகடு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. பஸ் ஓட்டும்போது கூட எனக்கு அந்தத் தகடுதான் ஞாபகம்.

ஜூன் மாதத் தேர்வில் முதல் மூன்று இடம் வழக்கம்போல வழக்கமான ஆட்களுக்கு. நாலாவது இடத்தில் இரண்டு பேர் சமமாக நின்றோம். நானும் என் புருஷனும்.

"ஆளுக்கு ஒரு அட்டை, பத்து ஷாட், மொத்தம் நூறு மார்க். ஜெயிச்சவங்க போகலாம்" என்றாள் வாண்டா.

"தோத்தவங்க பை செய்யலாம்" என்றார் க்ளைட்.

மெர்ல் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "பாவம் பாக்க மாட்டேன், ஆர்லீ."

"பாத்தா தொலைச்சுடுவேன்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். எனக்கு அவர் விட்டுக்கொடுப்பது மட்டும் வேண்டாம். வீட்டில் கடைசி ரொட்டித் துண்டை எனக்கு விட்டுக்கொடுப்பவர் அவர். அந்தப் பழக்கம் இங்கே வந்துவிடக் கூடாதே என்றுதான் என் பயமே.

நான் நாலாம் நம்பரில் படுத்தேன், அவர் வலது பக்கம் அஞ்சில். நான் இடக்கை, அவர் வலக்கை என்பதால் பின்னால் எங்கள் கால்கள் முட்டிக்கொண்டன. அட்டையில் விழுந்ததைப் பார்க்க ஆளுக்கொரு தூரக்கண்ணாடி வைத்திருப்போம், படுத்தபடியே கண் வைக்கிற உயரத்தில். வலக்கைக்காரர்கள் இடது பக்கம் வைப்பார்கள், நான் வலது பக்கம். ஆக எங்கள் இரண்டு தூரக்கண்ணாடிகளும் நடுவில் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

"உன் பூட்ஸை நகத்து" என்றேன்.

"நீ நகத்து. நான் இங்க வருஷக்கணக்கா படுக்கறேன்."

"புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்தை வீட்டுல வெச்சுக்கங்க!" என்று வாண்டா கத்தினாள். "சுடலாம்!"

காற்று இடமிருந்து வந்தது. கொடி படபடத்தால் காத்திருந்து, தொங்கினால் சுட்டேன். பச்சை என் தோளுக்குள் ஒரு பூனை மாதிரி ஒடுங்கிக்கொண்டது. ஒன்பது ஷாட் வரைக்கும் தூரக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சுட்டேன். பத்தாவதுக்குப் பிறகு பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

துப்பாக்கிகளைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும் மஞ்சள் குச்சியைச் செருகிவிட்டு, எல்லோரும் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்தோம். எதிரே அட்டைப் பக்கம் ஆள் இருக்கிறவரைக்கும் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது. துப்பாக்கியை மட்டும் இல்லை, தூரக்கண்ணாடியையும், கீழே விழுந்த தொப்பியையும்கூடத் தொடக் கூடாது. வாண்டா அதில் தன் அம்மாவுக்கே விட்டுக்கொடுக்க மாட்டாள்.

க்ளைட்தான் போய் அட்டைகளைக் கழற்றினார். கழற்றியவர் அங்கேயே நின்று எண்ணினார். மறுபடி எண்ணினார். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.

"ஹாகன் வீட்டம்மா அட்டையில பதினோரு ஓட்டை! மெர்ல் அட்டையில ஒம்பது!"

எல்லோரும் மெர்லைப் பார்த்தார்கள். பக்கத்து அட்டையில் சுடுவது புதிதாக வந்தவர்கள் செய்கிற காரியம். இத்தனை வருஷம் அணியில் இருந்தவர் செய்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அத்தனை முகமும் சொன்னது.

வாண்டா அட்டையை வாங்கிப் பார்த்தாள். "எந்த ஓட்டை யாரோடதுன்னு தெரியல. ரூல்படி மெர்லோட அந்த ஷாட் சைபர். ஆர்லீன், உனக்கு ரெண்டு வழி. இருக்கிறதுலயே குறைச்சலான பத்து ஓட்டையை எடுத்துக்க. அப்பவும் உனக்கு தொண்ணூத்தி நாலு வருது, மெர்லுக்கு எம்பத்தி ஏழு, நீ ஜெயிச்சாச்சு. இல்லாட்டி புது அட்டையில முழுசா மறுபடி சுடு."

"எதுக்கு சுடணும்? கல்யாண நாள் பரிசு வந்தாச்சே!" என்றார் க்ளைட். "மெர்ல், நீ மனுஷன்யா! நான் என் பொண்டாட்டிக்கு இஸ்திரிப் பெட்டிதான் வாங்கிக் குடுத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பித்தளைத் தகட்டில் என் பெயர் வரும், ஒவ்வொரு வியாழனும் யாராவது அதைப் பார்த்து 'மெர்ல் போட்ட பிச்சை' என்பார்கள். மெர்லின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"விட்டுக் குடுத்தியா?"

"இல்ல, ஆர்லீ."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்புறம் எப்படி? கண்ணு தெரியலையா, நம்பர் படிக்கத் தெரியலையா?"

வாயைத் திறந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான்களை ஒரு தரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பொய் சொன்னால்தான் அவருக்குக் காது சிவக்கும். அதனால் நான் முடிவே பண்ணிவிட்டேன்.

"வாண்டா, புது அட்டை போடு!" என்றேன். "என் அட்டையில விழுந்த மெர்லோட ஓட்டையைப் பத்துன்னே வெச்சுக்க. எம்பத்தி ஏழும் பத்தும் தொண்ணூத்தி ஏழு. அதை நான் தாண்டணும். தாண்டலேன்னா அவனே போகட்டும்."

"ரூல்ல அப்படி ஒண்ணும் இல்லையே."

"என் ரூல்."

என் வாழ்நாளில் நான் அதுவரை தொண்ணூற்றேழைத் தாண்டியதே இல்லை. வாயை விட்டுவிட்டேன், இனி என்ன செய்ய?

க்ளைட் புது அட்டை மாட்டப் போனபோது மெர்ல், "நான் என் சாமானை மட்டும் எடுத்துக்கறேன்" என்று ஒரு காலை எடுத்து வைத்தார்.

"கோட்டுக்குப் பின்னால!" என்று வாண்டா போட்ட சத்தத்தில் அந்தக் கால் தானாகத் திரும்பி வந்தது. "ஆர்லீன் முடிக்கிற வரைக்கும் எல்லாம் இருக்கிற இடத்துல இருக்கட்டும். நாலாம் நம்பர் மட்டும், சுடலாம்!"

படுத்தேன். கோபத்தில் முதல் ஷாட்டை இழுத்துவிட்டேன், ஒன்பது. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். பஸ்ஸில் பின்னால் ஒருவன் அழுவான், ஒருத்தி வாந்தி எடுப்பாள், மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள். நான் ரோட்டை மட்டும்தான் பார்ப்பேன். சரி, ரோட்டைப் பார் ஆர்லீன் என்று சொல்லிக்கொண்டேன்.

பத்து. பத்து. தூரக்கண்ணாடியில் பார்ப்பதும் மறுபடி கன்னத்தைப் பச்சையில் வைப்பதுமாக இருந்தேன். பத்து விழ விழ என் முதுகுக்குப் பின்னால் இருந்த பேச்சு குறைந்துகொண்டே வந்தது. எட்டாவதில் காற்று சட்டென்று செத்துப்போய் என்னை ஏமாற்றியது, ஒன்பது. இனி இரண்டும் பத்தாக விழுந்தால்தான் உண்டு. ஒன்பதாவது, நடுவில் போய் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. நெஞ்சு அடிக்கிற அடியில் கையில் சுற்றியிருந்த துப்பாக்கி வார் துடித்தது. கொடி தொங்கட்டும் என்று காத்திருந்தேன். தொங்கியது. எப்போது சுட்டேன் என்று எனக்கே தெரியாது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்கள்.

துப்பாக்கியைத் திறந்து மஞ்சள் குச்சியைச் செருகினேன். அதற்கு மேல் பொறுமை இல்லை. வார் கையிலேயே மாட்டியிருக்க, முழங்காலில் எழுந்து, கண்ணுக்கு முதலில் அகப்பட்ட தூரக்கண்ணாடியில் முகத்தை வைத்தேன். நாலாம் நம்பர் அட்டை. கடைசி ஓட்டை நடு வட்டத்தின் கோட்டைக் கடித்துக்கொண்டு பளிச்சென்று நின்றது. கடித்தால் போதும், அது பத்துதான்!

"தொண்ணூத்தி எட்டு!" என்று கத்தினேன். "தொண்ணூத்தி எட்டு, க்ளைட்! பையை நீயே செய்!"

பின்னால் கைதட்டல் கிளம்பியது. நான் முகத்தை எடுத்தபோதுதான் கவனித்தேன். என் தூரக்கண்ணாடியில் பச்சை டேப் ஒட்டியிருப்பேன். அது பக்கத்தில் நின்றது. நான் இத்தனை நேரம் கண் வைத்திருந்தது மெர்லுடையதில்.

மறுபடி குனிந்து பார்த்தேன். அஞ்சாம் நம்பர் ஓரத்தில்கூடத் தெரியவில்லை. நட்ட நடுவில் நாலு. என் அட்டை. ஓட்டைகளை எண்ணிவிடலாம் போல, அவ்வளவு துல்லியமாகத் திருகி வைத்திருந்தார்.

திரும்பினேன். மெர்ல் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"மெர்ல் ஹாகன், இது என் அட்டையைப் பாத்துட்டு நிக்குது."

"அது வந்து… கால் இடிச்சிருக்கும்."

"உன் கால் பின்னாடி இருந்துச்சு. என் பூட்ஸ் மேல."

மெர்ல் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு தரம்தான் பாக்கலாம்னு திருப்பினேன் ஆர்லீ. நீ பத்து பத்தா போட்டுட்டு இருந்த. அதுக்கப்புறம் என்னோடதைப் பாக்கவே தோணல. நாலையே பாத்துட்டு இருந்தேனா, துப்பாக்கியும் அங்கேயே போயிடுச்சு. சுட்டப்புறம்தான் தெரிஞ்சுது. இதை எப்படி இவனுங்க முன்னாடி சொல்றது?"

இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இந்த ஆள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவு சந்தோஷம். தொண்ணூற்றெட்டுக்காகவா இதற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"க்ளைட், இங்க வந்து இதுல கண்ணை வெச்சுப் பாத்துட்டுப் போ" என்றேன். "அப்புறம் பரிசு கிரிசுன்னு வாயைத் திறந்தா தெரியும் சேதி."

அவர் வாண்டாவிடம் அனுமதி கேட்டு வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அட பாவி" என்று மட்டும் சொன்னார், மெர்லின் முதுகில் ஒன்று வைத்தார்.

சாமான்களைக் கட்டும்போது மெர்ல் என் பச்சையைத் தானே தூக்கி உறைக்குள் வைத்தார். கனத்தில் முனகினார்.

"அடுத்த தடவையாவது உன் அட்டையை நீ பாரு" என்றேன்.

"எனக்குத்தான் இனிமே அட்டையே இல்லையே" என்றார். "தூரக்கண்ணாடி மட்டும் எடுத்துட்டு வரேன்."